புள்ளித் தரவு முரண்டு பிடித்தால்: புதுச்சேரி, கடலூர் வரைபடங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியையும் அதிலுள்ள ஸ்பாட்ஸ்டாட் தொகுப்பையும் வைத்துப் புள்ளிகளை அலசுகிறவர்களுக்காக எழுதியது இது. புயலில் சாய்ந்த மரம், நாய்க்கடி நடந்த இடம், காய்ச்சல் கண்ட வீடு, கடை என்று எதுவாகவும் புள்ளி இருக்கலாம். என்ன கோளாறு கண்ணில் படுகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எங்கெல்லாம் இருந்திருக்க முடியும் என்று யாரும் பார்ப்பதில்லை. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் அதனால் வருபவை. புதுச்சேரி மாதிரி துண்டு துண்டான நிலப்பரப்பில் வேலை செய்தால் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும்.

தொகுப்பே ஏறவில்லை

பழைய பாடக்குறிப்பைப் பார்த்துச் செய்கிறீர்கள். மேப்டூல்ஸ், ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ் மூன்றையும் நிறுவச் சொல்கிறது, நிறுவ முடியவில்லை. உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை. அந்த மூன்றும் 2023 அக்டோபரில் பொதுக் களஞ்சியத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டன. எல்லைக் கோப்பை எஸ்எஃப் தொகுப்பில் படித்து, அதையே ஸ்பாட்ஸ்டாட்டின் எல்லைப் பொருளாக மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்பாட்ஸ்டாட்டும் 2021-இல் பல சிறு தொகுப்புகளாகப் பிரிந்தது. கட்டளை கிடைக்கவில்லை என்று வந்தால், உட்தொகுப்பு ஒன்றை மட்டும் அழைக்காமல் மொத்தக் குடையையும் அழையுங்கள், சரியாகிவிடும்.

புள்ளிகள் ஊரிலேயே இல்லை

இதில் மூன்று வகை உண்டு. புள்ளி எங்கே போய் விழுந்தது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

புள்ளிகள் வட துருவப் பக்கம் போயிருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. புதுச்சேரி ஏறக்குறைய வடக்கு 11.93, கிழக்கு 79.83. இதை மாற்றிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் வட மேற்கு ஓரத்தில் போய் நிற்கும். அங்கிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தெற்கே இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது என்பது ஒரு வேடிக்கை. எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியதால் வரும் வினை இது.

புள்ளிகள் நெய்வேலிப் பக்கம் போயிருந்தால் பாகையும் (டிகிரி) கலையும் (பாகையில் 60-இல் ஒரு பங்கு) குழம்பியிருக்கின்றன. 11 பாகை 56 கலை, 79 பாகை 50 கலை என்று கருவி காட்டியதை யாரோ 11.56, 79.50 என்று எழுதியிருப்பார்கள். புதுச்சேரியில் எடுத்த அளவு 50 கி.மீ.க்கு மேல் தென்மேற்கே தள்ளிப்போய்விடும். உறுதிப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் தனியே பிரித்துப் பாருங்கள். பட்டியல் முழுவதும் ஒன்றுகூட 59-ஐத் தாண்டவில்லை என்றால் அவை கலைகள்தான். 60-ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள்.

மூன்றாவது வகைதான் மோசம். படத்தில் எல்லாமே சரியாகத் தெரியும். ஆனால் கே வளைவின், அதாவது ஒரு புள்ளியைச் சுற்றி ஒவ்வொரு தூரத்துக்குள்ளும் சராசரியாக எத்தனை புள்ளிகள் என்று காட்டும் கோட்டின், கீழ் அச்சில் தூரம் 0-இலிருந்து 0.03 வரை ஓடும். பாகையிலேயே கணக்கு போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். எஸ்எஃப் வழியாக வந்தால் மீட்டருக்கு உருமாற்றம் செய்யாத ஆயங்களை (இடத்தைக் குறிக்கும் எக்ஸ், ஒய் எண்களை) ஏற்க முடியாது என்று அதுவே நிறுத்திவிடும். எக்ஸ், ஒய் நிரல்களை நேரடியாகக் கொடுத்தால் ஸ்பாட்ஸ்டாட் வாயே திறக்காது. நம் அட்சரேகையில் ஒரு பாகை வடக்கு தெற்காக 110.6 கி.மீ., கிழக்கு மேற்காக 108.9 கி.மீ. வித்தியாசம் இவ்வளவு சின்னதாக இருப்பதால் வரைபடம் நசுங்கித் தெரியாது, பிழையும் கண்ணில் படாது. காஷ்மீரில் இதே தவறு செய்தால் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

தீர்வு: மீட்டரில் அளக்கும் யுடிஎம் வரைபட முறையின் மண்டலம் 44 வடக்கு, அதாவது இபிஎஸ்ஜி குறியீடு 32644-க்கு மாற்றுங்கள். மாற்றியபின் புதுச்சேரி நகரம் கிழக்கில் 3,72,000 மீட்டர், வடக்கில் 13,19,000 மீட்டர் என்ற அளவில் வர வேண்டும். கடலூர், காரைக்கால், ஏனாம் எல்லாவற்றுக்கும் இதே மண்டலம்தான். மாஹே மட்டும் மண்டலம் 43. ஒன்றிய ஆட்சிப்பரப்பு முழுவதையும் ஒரே கோப்பில் போட்டு ஒரே தூரக் கணக்கில் அடைக்கப் பார்க்காதீர்கள். மாஹேயிலுள்ள ஒரு கடைக்கும் ஏனாமிலுள்ள ஒரு கடைக்கும் நடுவே எத்தனை மீட்டர் என்பது யாருக்கும் தேவையில்லாத கேள்வி.

‘சில புள்ளிகள் எல்லைக்கு வெளியே உள்ளதால் ஒதுக்கப்பட்டன’

இந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் பலர் செய்வது, எல்லையைத் தூக்கிவிட்டு எல்லாப் புள்ளிகளையும் சுற்றி ஒரு செவ்வகம் போடுவது. எச்சரிக்கை போய்விடும். அதோடு ஆய்வும் போய்விடும்.

ஒதுக்கப்பட்ட புள்ளிகளை ஸ்பாட்ஸ்டாட் தூக்கி எறிவதில்லை. அந்தப் பொருளிலேயே ‘ரிஜெக்ட்ஸ்’ என்ற பெயரில் ஒட்டி வைத்திருக்கிறது. முதலில் அவற்றை வேறு நிறத்தில் வரைந்து, எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள்.

கடற்கரை ஓரமாக வரிசையாக நின்றால் கரைக்கோடு சரியில்லை. மாவட்ட எல்லைக் கோப்புகளில் பலவற்றில் கோணங்களைக் குறைத்துக் கரையை நேராக்கியிருப்பார்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களில் கடலுக்கு மிக அருகிலுள்ள வீடுகள் வெளியே போய்விடும். அது தற்செயலாக நடக்கும் இழப்பு இல்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் மட்டும் பட்டியலிலிருந்து கழிகிறார்கள். புதுச்சேரியில் இன்னொரு தொல்லையும் உண்டு. துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் வந்தபின் அதற்கு வடக்கே கரை அரித்துப்போனது. பழைய வரைபடத்தின் கரைக்கோடு இன்று அலையடிக்கும் இடத்தில் ஓடலாம். அண்மைச் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கரையை நீங்களே திருத்தி வரைவது அரைநாள் வேலைதான்.

உள்நாட்டில் திட்டுத் திட்டாக வெளியே விழுந்தால், பெரும்பாலும் அவை தமிழ்நாட்டில் இருக்கின்றன. விழுப்புரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து பாருங்கள். வில்லியனூர் புதுச்சேரி, அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு, அதற்கப்புறம் திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி புதுச்சேரி. சுமார் 293 சதுர கி.மீ. கொண்ட புதுச்சேரி மாவட்டம் இப்படித் தீவு தீவாகச் சிதறிக் கிடக்கிறது. ஆகவே எல்லை பல துண்டுகளாக இருக்க வேண்டும். ஒரே துண்டாக இருந்தால் கோப்பு தவறு. வாகூரையும் மண்ணாடிப்பட்டையும் விட்டுவிட்டுப் பெரிய துண்டை மட்டும் யாரோ எடுத்திருப்பார்கள்.

ஏரிகளைக் கவனியுங்கள். ஊசுட்டேரியிலும் வாகூர் ஏரியிலும் வீடு இருக்க முடியாது. காய்ச்சல் வீடுகளை அலசுகிறீர்கள் என்றால் ஏரியை எல்லையிலிருந்து ஓட்டையாக வெட்டி எடுங்கள். பறவைகளை எண்ணினால் வெட்டக் கூடாது. ஒரே ஊருக்கு இரண்டு எல்லைகள் இருப்பதில் தப்பே இல்லை.

பலகோணம் தன்னைத் தானே வெட்டுகிறது என்று வந்தால் எஸ்எஃப்பின் செல்லுபடியாக்கும் கட்டளையை ஓட்டுங்கள். பரப்பு எதிர்க்குறியில் இருக்கிறது என்று வந்தால், கையால் கொடுத்த முனைகளின் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். வெளி விளிம்பு இடஞ்சுழியாகப் போக வேண்டும்.

எதைப் போட்டாலும் ‘கொத்துக் கொத்தாக உள்ளது’ என்கிறது

மரம், கடை, நாய்க்கடி எல்லாமே கொத்து. கே வளைவு தற்செயல் கோட்டுக்கு மேலே எங்கோ பறக்கிறது. இதுதான் அதிகம் வரும் கோளாறு. ஆய்வேட்டில் தயங்காமல் முடிவாக எழுதப்படுவதும் இதுதான்.

முதல் காரணம் மேலே பார்த்த செவ்வகம். கடலூர் மாவட்டத்தைச் சுற்றிப் பெட்டி போட்டால் வங்கக் கடலில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். கடலில் மரம் இல்லை, கடை இல்லை. அந்த வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் நிலத்தில் உள்ள எதுவும் கொத்தாகத்தான் தெரியும். எல்லையைச் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். பல நேரங்களில் கொத்தில் பாதி காணாமல் போகும்.

இரண்டாவது காரணம் மக்கள்தொகை. கடலூரின் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் நாய்க்கடி அதிகம் என்றால், அங்கே ஆட்கள் அதிகம் என்பதும் விடையாக இருக்கலாம். புள்ளியியலாளர் ரிப்ளே 1976-இல் முன்வைத்த கே சார்பு, அடர்த்தி எங்கும் ஒரே சீராக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. ஊர் என்பதே சீரில்லாதது. சீரற்ற அடர்த்திக்கான கே சார்பு ஸ்பாட்ஸ்டாட்டில் இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு வலை விரித்திருக்கிறது. அடர்த்தியை அதே புள்ளிகளிலிருந்தே மதிப்பிட்டால், மென்மையாக்கும் அகலம் சிறியதாக இருக்கும்போது கொத்து முழுவதையும் அடர்த்தியே விழுங்கிவிடும், ‘கொத்தே இல்லை’ என்று வரும். அகலம் பெரியதானால் எல்லாம் கொத்து. நீங்கள் விரும்பும் விடையை நீங்களே திருகி எடுத்துக்கொள்ளலாம்! அதனால் அடர்த்தியை வெளியிலிருந்து கொண்டுவாருங்கள். வேர்ல்டுபாப் தரும் 100 மீட்டர் கட்டங்களாலான மக்கள்தொகைப் படத்தை எடுத்து, புள்ளிகளுக்கு மாதிரி பொருத்தும் பிபிஎம் கட்டளையில் விளக்க மாறியாகப் பொருத்தி, அந்த மாதிரி சொல்லும் அடர்த்தியைக் கே சார்புக்குக் கொடுங்கள்.

இன்னும் நல்ல வழி, கட்டுப்பாட்டுக் குழு. நாய்க்கடிக்கு வந்தவர்களின் வீடுகளோடு, அதே மருத்துவமனைக்கு அதே மாதம் வேறு காயங்களுக்கு வந்தவர்களின் வீடுகளையும் சேர்த்து, ஒப்பீட்டு அபாயப் படம் போடுங்கள். மக்கள்தொகை, மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம், யார் அங்கே போவார்கள் என்ற தொல்லைகள் பெரும்பாலும் இரண்டு குழுவுக்கும் பொதுவாக இருப்பதால் அடிபட்டுப் போகும். அந்தக் கட்டளை மறுத்தால், குழுவின் பெயர் நிரல் வெறும் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள், வகைமாறியாக மாற்றிக் கொடுங்கள்.

மூன்றாவது காரணம் தெரு. புதுச்சேரியின் பழைய நகரத்தைச் சுற்றும் பூல்வார் சாலை வட்டத்துக்குள் தெருக்கள் நேர்க்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. தெருவோர மரங்களையோ விளக்குக் கம்பங்களையோ வெட்டவெளியில் தூவியதாக நினைத்துக் கணக்கிட்டால், தெரு ஒரு கோடாக இருப்பதே கொத்தாகத் தெரியும். மரம் வீட்டுக் கூடத்தில் முளைக்க வாய்ப்பில்லையே. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தெருக்கோடுகளை எடுத்து லின்நெட் (கோட்டு வலை) பொருளாக்கி, அதன்மேல் புள்ளிகளை எல்பிபி (வலைமேல் புள்ளிகள்) பொருளாக ஏற்றி, வலையமைப்புக்கான கே சார்பைப் போடுங்கள். தெருவழித் தூரத்தை வைத்து கே கணக்கிடும் யோசனையை ஒகாபேயும் யமதாவும் 2001-இல் கொடுத்தார்கள். வலையின் வடிவத்துக்கான திருத்தத்தை ஆங், பேட்லி, நாயர் மூவரும் 2012-இல் சேர்த்தார்கள். ஸ்பாட்ஸ்டாட் தானாகவே அந்தத் திருத்தத்தோடுதான் கணக்கிடுகிறது. பெரிய வாய்க்காலின் இரு கரையிலும் எதிரெதிரே நிற்கும் இரண்டு மரங்கள் காகம் பறக்கும் தூரத்தில் பக்கத்தில் இருக்கும். தெருவழியாகப் போனால் குறுக்குத் தெருவரை சுற்ற வேண்டும். சாய்ந்த மரங்களை அகற்ற லாரி அனுப்புகிறவருக்கு இரண்டாவது தூரம்தான் கணக்கு. மரத்தைச் சாய்த்த காற்றுக்கு முதல் தூரம்தான் கணக்கு. எதைப் பற்றிய கேள்வி என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வலையில் தூரம் முடிவிலி என்று வந்தால் தெருக்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. முனைகள் ஓரிரு மீட்டர் இடைவெளியில் நிற்கும். அவற்றை ஒட்டவைத்துவிட்டு, இணைந்த பெரிய வலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லை ஓரத்தில் மட்டும் விசித்திரம்

ஓரத்திருத்தம் செய்தும் செய்யாமலும் வளைவுகள் ரொம்பவே பிரிந்து போகின்றனவா? எல்லைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். ஓரத்திருத்தம் எல்லாமே, வெளியிலும் இதே மாதிரி புள்ளிகள் தொடர்கின்றன, நமக்குத்தான் தெரியவில்லை என்று வைத்துக்கொள்கிறது. கொசுவுக்கும் மரத்துக்கும் அது சரி. கடலூர்ப் பக்க எல்லையிலுள்ள கன்னியக்கோயிலைத் தாண்டியதும் கொசு திரும்பிப் போவதில்லை. மதுக்கடைக்கு அது சரியில்லை. புதுச்சேரியின் கடை எல்லையோடு நின்றுவிடுகிறது, அப்பால் வேறு மாநிலம், வேறு விலை, வேறு விதி. கடைகள் எல்லையை ஒட்டி நெருங்கி நிற்பதும் அதனால்தான். அங்கே எல்லையே விளக்க மாறி. எல்லையிலிருந்து தூரத்தை ஒரு படமாகக் கணக்கிட்டு மாதிரியில் சேருங்கள். அப்புறம், அதே எல்லைக்குள் கணினி தற்செயலாகத் தூவி உருவகப்படுத்திய புள்ளிகளோடு, அதே திருத்தத்தை இரண்டுக்கும் போட்டு ஒப்பிடுங்கள். அப்படிச் செய்தால் திருத்தமே போடாமல் ஒப்பிட்டாலும் சோதனை செல்லும்.

கே வளைவு தொடக்கத்திலேயே துள்ளுகிறது

தூரம் 0-இலேயே வளைவு மேலே நிற்கிறது, இணைத்தொடர்புச் சார்பு (குறிப்பிட்ட தூரத்தில் புள்ளி இணைகள் எவ்வளவு அதிகம் என்று காட்டுவது) இடது ஓரத்தில் வானத்துக்குப் போகிறது. ஒரே இடத்தில் பல புள்ளிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்பாட்ஸ்டாட்டும் இரட்டைப் புள்ளிகள் உண்டு என்று எச்சரித்திருக்கும், நீங்கள் கடந்து வந்திருப்பீர்கள்.

அதிகம் திரும்ப வரும் ஆயத்தை எடுத்து வரைபடத்தில் தேடுங்கள். அது 605001 என்ற அஞ்சல் குறியீட்டுப் பகுதியின் நடுவில் எங்காவது விழுந்தால், முகவரியை ஆயமாக்கிய சேவை தெருவைக் கண்டுபிடிக்க முடியாமல் பகுதியின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிட்டது. அந்தப் பதிவுகளை வைத்துச் சிறு தூரக் கணக்கு எதுவும் செய்யாதீர்கள். வார்டு வாரியாக எண்ணிக்கை எடுக்க மட்டும் அவை உதவும்.

புள்ளிகள் கட்டம் கட்டமாக நின்றால் தசம இலக்கம் வெட்டப்பட்டிருக்கிறது. எக்ஸலில் திறந்து சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரியும் இலக்கங்கள் மட்டுமே கோப்பில் போகும். மூன்று தசமம் என்றால் ஏறத்தாழ 110 மீட்டர், நான்கு என்றால் 11 மீட்டர். மூலக் கோப்பு இருந்தால் அதைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் அந்த அளவுக்குக் கீழுள்ள தூரங்களைப் பற்றிப் பேசாதீர்கள்.

அடுக்குமாடியில் நான்கு பேருக்குக் காய்ச்சல் என்றால் அது உண்மையான இரட்டிப்பு. ஒரு புள்ளியாக்கி, எண்ணிக்கையை எடையாகக் கொடுங்கள்.

புள்ளிகளைக் கொஞ்சம் ஆட்டிவிடும் கட்டளை ஒன்று இருக்கிறது, பலரும் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். அது எச்சரிக்கையை நிறுத்தும், தரவைச் சரிசெய்யாது. எவ்வளவு ஆட்டினீர்களோ அந்தத் தூரம்வரை வளைவில் தெரிவதெல்லாம் நீங்கள் ஆட்டியதுதான்.

அடர்த்திப் படம் ஒன்று கொப்புளமாக, அல்லது ஒரே பூச்சாக

சிக்மா, அதாவது மென்மையாக்கும் அகலம், கொடுக்கவில்லை என்றால், சுற்றுப் பெட்டியின் குறுகிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கை ஸ்பாட்ஸ்டாட் எடுத்துக்கொள்ளும். பெட்டி 28 கி.மீ. என்றால் மூன்றரை கி.மீ. பூல்வாருக்குள் இருக்கும் நகரம் மொத்தமும் ஒரே பூச்சில் மறைந்துவிடும். டிக்கிள் முறையில் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் மிகச் சிறிதாக வரும், ஒவ்வொரு புள்ளியும் அம்மைக் கொப்புளம் மாதிரி தனித்தனியாக எழும்பி நிற்கும். நான் முதலில் நிகழ்வாய்ப்பு முறையில், அதாவது பிபிஎல் தேர்வில் பார்ப்பேன். பிறகு அதில் பாதியும் இரட்டிப்பும் வைத்து மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். மூன்றிலும் தெரிகிற மேட்டை மட்டுமே நம்பலாம்.

நிறப்பட்டையில் 0.000002 என்று வருவது பிழை இல்லை. ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை என்று அர்த்தம், சதுர கி.மீ.க்கு 2. ஆயங்களை 1000-ஆல் அளவு மாற்றி, அலகைக் கி.மீ. என்று எழுதிவிட்டால் படிக்கிறவருக்குப் புரியும்.

ஓட்டும்போதெல்லாம் வேறு விடை

உறை என்பது தற்செயலாகத் தூவிய புள்ளிகளின் வளைவுகள் அடங்கும் பட்டை. அதைப் போடும் கட்டளை உருவகப்படுத்துதலை நம்பியது. தற்செயல் எண்கள் தொடங்கும் விதை எண்ணை நிலைநிறுத்துங்கள். விதை மாறினால் முடிவே மாறுகிறது என்றால் உங்கள் முடிவு விளிம்பில் நிற்கிறது, அதை அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று. வளைவு உறையை 400 மீட்டரில் மட்டும் கொஞ்சம் தாண்டியது என்று கொண்டாடாதீர்கள். சாதாரண உறை ஒவ்வொரு தூரத்துக்கும் தனித்தனியாகப் போட்டது. இயல்பான 99 உருவகத்தில், முன்கூட்டியே தேர்ந்த ஒரே ஒரு தூரத்துக்கு மட்டும் அது 2 சதவீத மட்டம். வளைவு முழுவதையும் பார்த்து எங்காவது தாண்டுகிறதா என்று தேடினால் அந்தக் கணக்கு செல்லாது. ஒட்டுமொத்த உறையைக் கேளுங்கள். 19 உருவகம் போதும், 5 சதவீத மட்டம் கிடைக்கும்.

ஓடிக்கொண்டே இருக்கிறது, முடியவில்லை

ரிப்ளேயின் ஓரத்திருத்தம் நெளிவு சுளிவான பலகோணத்தில் மெதுவாகத்தான் ஓடும், கழிமுகம் கழிமுகமாக வரைந்த கடலூர்க் கரையில் சொல்லவே வேண்டாம். இடப்பெயர்வுத் திருத்தம் போதும். எல்லையை 50 மீட்டர் அளவுக்கு எளிமையாக்கலாம். ஆனால் எளிமையாக்கியதும் எத்தனை புள்ளிகள் வெளியே போயின என்று பாருங்கள். 3000 புள்ளிகளுக்கு மேல் போனால் ஸ்பாட்ஸ்டாட் தானாகவே மற்ற திருத்தங்களை விட்டுவிட்டு எல்லைத் திருத்தத்தை மட்டும் தரும். ‘மற்ற வளைவுகள் எங்கே?’ என்று தேட வேண்டாம், அந்த உச்சவரம்பை முடிவிலியாக்கினால் வந்துவிடும்.

எல்லாம் சரியாக ஓடுகிறது, ஆனால் விடையில் பொருளே இல்லை

கடலோரக் கிராமங்களில் ஆழ்துளைக் கிணறுகளின் இடமும் நீரில் உள்ள உப்பின் அளவும் கையில் இருக்கின்றன. கிணறுகள் கொத்தாக உள்ளன என்று வளைவு சொல்கிறது. உப்பு எங்கே ஏறுகிறது என்று கேட்டால் பதில் இல்லை. கருவி மாறிவிட்டது. கிணறு இருக்கும் இடம், வயல்காரர் எங்கே போர் போட்டார் என்பதைத்தான் சொல்லும். உப்பு கிணறு இல்லாத இடத்திலும் நிலத்துக்கடியில் இருக்கிறது, நாம் அளக்கவில்லை, அவ்வளவுதான். இதற்கு வேரியோகிராமும் (தூரம் கூடக் கூட அளவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் படம்) அதை வைத்து அளக்காத இடத்தை மதிப்பிடும் கிரிகிங்கும் வேண்டும். ஜிஸ்டாட் தொகுப்பை எடுங்கள். கிணறுகளின் ஆழத்தையும் அளவெடுத்த மாதத்தையும் கூடவே நிரலாகச் சேருங்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன் எடுத்த நீரையும் பின் எடுத்த நீரையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள்.